மேல்மாடி அக்காவின் கால்

அவளுக்கு வேலை ஆகாயத்தில். கட்டடம் எழும்புகிற இடங்களில் எல்லாவற்றுக்கும் மேலே கையை நீட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கிரேன் நிற்குமே, அதன் கழுத்தில் ஒரு கண்ணாடி கேபின் இருக்கும். காலையில் ஏணியைப் பிடித்து அதில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவாள். சாப்பாடு, தண்ணீர், மதியம் கண் அசருவது எல்லாம் அங்கேயே. கீழே வேலை செய்கிறவர்கள் அவளுக்கு மேல்மாடி அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பவர். அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது, "பரவாயில்லையே, உனக்கு மேல்மாடி இருக்குன்னு ஊரே ஒத்துக்கிட்டுச்சே" என்றார்.

அங்கிருந்து பார்த்தால் ஊருக்குச் சத்தம் கிடையாது. கீழே ஒருவர் சுத்தியலை ஓங்கி அடிப்பது முதலில் தெரியும். அடித்த சத்தம் பிறகு, யோசித்து யோசித்து ஏறி வரும். மேகத்தின் நிழல் ஒவ்வொரு கூரையாகத் தடவிக்கொண்டு போகும். காற்று கொஞ்சம் கூடினால் கேபின் தொட்டில் மாதிரி ஆடும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு அந்த ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். இவளுக்கு அதில்தான் மனசு அடங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நிதானம் விலகாது. தண்ணீர் டம்ளரைக்கூட மேஜைக்கு நோகாமல்தான் வைப்பாள்.

அத்தனை உயரத்திலிருந்து ஒரு நாளும் விழாதவள், விழுந்தது சமதரையில். ஒரு விடுமுறை நாள் காலை, கணவரோடு காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். தெருவுக்கு அப்பால் வேறு யாரோ ஓட்டுகிற கிரேன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

"பாருங்க, கொக்கி ஆட்டம் அடங்குறதுக்குள்ள திருப்புறாங்க" என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள்.

நடைபாதையில் ஒரு சிமெண்ட் பலகை பெயர்ந்து கிடந்தது. கால் அந்த இடுக்குக்குள் போய் நின்றுவிட்டது. உடம்பு நிற்கவில்லை. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அது தன் உடம்பிலிருந்து வந்தது என்பது அவளுக்கு உடனே புரியவில்லை. தக்காளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் உருண்டு போவதையும், ஒரு சைக்கிள்காரர் அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டதையும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வலி பிறகுதான் வந்தது.

எலும்பு மருத்துவமனை ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. வாசலில் படிகள். கால் உடைந்தவர்கள் வந்து போகிற இடத்துக்குப் படி வைத்துக் கட்டிய மகராசன் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் சும்மா விடக்கூடாது என்று அந்தப் படியருகே வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது முணுமுணுத்திருப்பார்கள். பக்கத்தில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அதில் தள்ளிக்கொண்டு ஏறும்போது அவள் கணவருக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் நரைத்த தலையும் தாழ்ந்த குரலும் உள்ளவர். அவள் முகத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கிறவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்காலுக்குக் கீழ நீளமா போகுது பாருங்க, அந்த எலும்பு. ரெண்டா போயிருக்கு. நடுவுல கம்பி விட்டு, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம்" என்றார் படத்திடம்.

"எப்ப டாக்டர் ஏணி ஏறலாம்?" என்று அவள் கேட்டாள்.

"முதல்ல தரையில நிக்கட்டும்" என்றார் அவர், அதையும் படத்திடமே.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களுக்கு ஓரம் இல்லை. ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஜன்னல் வழியாக வெயில் வரும், கட்டிலின் கால்மாட்டில் ஏறும், தலையணை மேல் உயர்த்தி வைத்த அவள் காலைத் தொட்டுப் பார்க்கும், சுவர் வழியாக இறங்கிப் போய்விடும். மாத்திரையின் மயக்கத்தில் அறை லேசாக ஆடுவது போலிருக்கும். அவள் கை தானாகவே கட்டில் விளிம்பைப் பிடித்து, கிரேனின் நெம்புகோலை நகர்த்துவது போல மெல்ல நகர்த்தும். கணவர் கடைக்குப் போகும் முன் தண்ணீர், மாத்திரை, போன், பழம் எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, "வேற ஏதாவது வேணும்னா கொக்கியை இறக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் அவளுக்கு அடிக்கடி ஒரே கனவு வந்தது. கொக்கியில் சாமான் தூக்குகிற ஒரு பட்டை, பட்டையில் அவள். கிரேனை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது. கூரைகளுக்கு மேலே மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருப்பாள். பயமே இருக்காது. கீழே இறக்கத் தொடங்கும்போது மட்டும் பட்டையை இறுகப் பிடித்துக்கொள்வாள். தரை நெருங்கி வரும், கால் தொடப் போகும், அதற்குள் விழிப்பு வந்துவிடும்.

மருத்துவமனைக்கு மறுபடி போய்க் காட்டுகிற நாட்களில் காத்திருப்பு அறைதான் அவளுக்கு வெளியுலகம். நீளமான பெஞ்சுகள். அவற்றிலிருந்து மாவுக்கட்டுப் போட்ட கால்கள் வழியெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும். கையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டவர்கள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. உங்களுக்கு எங்க என்பதுதான் முதல் கேள்வி. மணிக்கட்டு, தோள், இடுப்பு என்று பதில் வரும். பிறகு அதுவே அவர்களுடைய பெயராகிவிடும்.

அங்கே அவளுக்குப் பழக்கமானவர் ஒரு கால்பந்து நடுவர். வயதானவர். முழங்காலை மாற்றி வைத்திருந்தார்கள். வரிசை தாண்டி யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் ஒன்றும் பேசமாட்டார். விரலை மட்டும் லேசாக உயர்த்துவார். அந்த ஆள் தன்னால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "தங்கச்சி, ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? கனவுல எனக்கு முட்டி வலிக்கிறதே இல்லை. ஓடுறேன். மைதானம் முழுக்க ஓடுறேன். விசில்கூட ஊத மறந்துடுறேன்."

எதிர் பெஞ்சில் இருந்த இடுப்பு எலும்பு அம்மா தலையாட்டினாள். "எனக்கும் அப்படித்தான். மாடிப்படியில தடதடன்னு இறங்குறேன்."

தோள்காரர் கனவில் நீந்துவதாகச் சொன்னார். மணிக்கட்டு கனவில் துணி பிழிந்தாளாம். அறை முழுவதும் கொஞ்ச நேரம் அவரவர் கனவைச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே எலும்பு தேய்ந்தும் முறிந்தும் கிடக்கிற அத்தனை பேரும் தூக்கத்தில் முழுசாக எழுந்து நடமாடுகிறார்கள் என்று நினைக்க அவளுக்கு இதமாக இருந்தது.

"நீங்க?" என்று நடுவர் கேட்டார்.

"நான் நடக்கவே மாட்டேங்கிறேன் அண்ணே. தொங்கிக்கிட்டே இருக்கேன்."

நடுவர் விரலை லேசாக உயர்த்தினார். "அப்ப நீங்க இன்னும் இறங்கலை" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வீடெங்கும் போவாள். உடைந்த காலை மட்டும் தரைக்குக் காட்டமாட்டாள். லேசாக ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியும் ஊன்றவில்லை. அந்தக் குச்சிச் சத்தம் காதிலேயே இருந்தது. பறவைகள் பறக்கிற உயரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவளுக்கு, சமையலறைத் தரை அதலபாதாளமாகத் தெரிந்தது. கணவரிடம் இதைச் சொல்ல வெட்கம். "வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்வாள். அவரும் அதை நம்பினார்.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. மாதங்கள் போயும் எலும்பின் நடுவே அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"இன்னும் கூடலை" என்றார் டாக்டர்.

அன்று அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. குரல் உயரவில்லை. "டாக்டர், இத்தனை நாளா வரேன். ஒரு தடவைகூட நீங்க என்னைப் பாத்துப் பேசலை. அந்தப் படத்துக்கிட்டயே பேசுறீங்க. அதுக்குக் காது இருக்கா? எனக்குத்தான் இருக்கு."

கணவர் அவள் தோளைத் தொட்டார். டாக்டர் விளக்குப் பெட்டியை அணைத்தார். அறை கொஞ்சம் இருண்டது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க சொல்றது சரி. முகத்தைப் பாத்தா எனக்குப் பொய் சொல்ல வந்துடும்மா. எல்லாம் சரியாயிடும்னு வாய் தானா சொல்லிடும். அதான் படத்தைப் பாத்துக்கிறேன்" என்றார். பிறகு கேட்டார்: "காலை ஊன்றீங்களா?"

அவள் நீட்டிய காலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கணவர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமா இருக்கு" என்றாள்.

"சரி. ஒரு ஸ்க்ரூவை எடுத்துடலாம். நீங்க ஊன்றினாலும் பாரத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கும். எலும்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது. சும்மா இருந்தா எலும்புக்குப் பிடிக்காதும்மா. பாரம் வந்தாத்தான் அது வளரும்."

இரண்டாவது அறுவை சின்னது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போக வைத்தார்கள். விழித்தபடியே படுத்திருந்தாள். பாதி உடம்பை யாரோ பத்திரமாக வாங்கி வேறெங்கோ வைத்துவிட்டது போலிருந்தது. தலைக்கு மேலே பெரிய வட்ட விளக்கு. அதன் பளபளப்பான விளிம்பில் பச்சை உடை போட்ட குட்டி மனிதர்கள் குனிந்து வேலை செய்வது தலைகீழாகத் தெரிந்தது. மேலேயிருந்து பார்க்கிறோமா, கீழே கிடக்கிறோமா என்று அவளுக்குக் குழப்பம் வந்தது. அந்தக் குழப்பம் சுகமாக இருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?" அந்தக் குட்டி மனிதர்களில் ஒருவரிடமிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"கிரேன் ஓட்டுறேன்."

ஏதோ ஒரு கருவியின் சத்தம் நின்றது. "எந்தக் கிரேன்?"

"பழைய மார்க்கெட் பக்கத்துல உயரமா கட்டுறாங்களே, அங்க நிக்குது பாருங்க. மஞ்சள்."

"எங்க ஜன்னல்ல தெரியுமே அது. ஒவ்வொரு படமா மாத்துறப்ப அதைத்தான் பாப்பேன். நீங்கதானா?"

"இப்ப கொஞ்ச நாளா வேற ஆள்."

"நினைச்சேன். முன்னெல்லாம் வழுக்கிட்டுப் போற மாதிரி திரும்பும். இப்ப வெடுக்குனு திரும்புது."

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர், "அசையாம இருங்க" என்றார். சிரிப்பைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. மிகத் தூரத்தில், சின்னதாக.

அதற்குப் பிறகு அவளுக்குக் கால் ஊன்றக் கற்றுக்கொடுத்தது பிசியோதெரபிப் பெண். வட்டமான முகம், எதற்கும் அவசரம் இல்லாத ஆள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றைத் தரையில் வைத்து, நல்ல காலைத் தரையிலும் உடைந்த காலை அதன் மேலும் வைக்கச் சொன்னாள். முள் லேசாக அசைந்தது.

"எவ்வளவு?" என்று மேலே பார்த்தபடியே இவள் கேட்டாள்.

"அந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? இன்னிக்கு ஒரு பூனைக்குட்டி வந்து உக்காந்திருக்கு. போதும், அதுவே பெரிய விஷயம்."

அடுத்த முறை பூனை. அதற்கடுத்து ஆட்டுக்குட்டி, பிறகு ஆடு. ஆடு கொஞ்ச நாள் ஆடாகவே நின்றது, நகர மாட்டேன் என்றது. ஒருநாள் காலை, ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து வந்து போய்க்கொண்டிருந்தபோது, முள் ஒரேயடியாக ஓடி நின்றது. பிசியோதெரபிப் பெண் குனிந்து பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு?" என்று கேட்டாள் இவள்.

"இன்னிக்கு நீங்களேதான்."

கீழே குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். விரல்கள் விரிந்து, குதிகால் வெளுத்து, எல்லாப் பாதங்களையும் போல ஒரு பாதம். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு நடை வந்தது. அறைக்குள், பிறகு வாசல் வரை, பிறகு கணவரின் கடை வரை. அவர் வில்லையைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவருகில் வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வந்தாச்சா, உக்காரு" என்பார். ஆனால் தேய்க்கிற கை கொஞ்ச நேரம் நின்றுவிடும். புதிய எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. புது எலும்பு என்றார் டாக்டர். இந்த முறை அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்ப ஏணி?" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். "அந்த ஏணி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே. தெரியாத ஒண்ணுல உங்களை எப்படி ஏறச் சொல்றது? நானே வந்து பாக்குறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஆனால் வார விடுமுறையன்று காலை அவளும் கணவரும் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனபோது, கிரேனின் அடியில் தலையில் ஹெல்மெட்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார். காவலாளி அவருடைய ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை செய்கிறவர்கள் போடும் ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார். அது அவருக்கு ஒரு சைஸ் பெரியது.

"ஏணிக்கு நடுவுல நிக்கிறதுக்குத் தட்டு வெச்சிருக்காங்களே, முதல் தட்டு வரைக்கும் ஏறுங்க. இறங்குங்க. நான் காலை மட்டும் பாக்குறேன்" என்றார்.

ஏறினாள். இறங்கினாள். மறுபடியும் ஏறச் சொன்னார். இடது கால் முதலில், பிறகு வலது கால் முதலில். ஏணிக்குக் கீழே குந்தி, பக்கவாட்டில் நின்று, அண்ணாந்து என்று விதவிதமாகப் பார்த்தார். விடுமுறையிலும் சாமான்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மேஸ்திரி, அவள் கணவரின் காதருகே வந்து, "யாருங்க இவரு, அக்கா காலையே இப்படிப் பாத்துக்கிட்டு இருக்காரு?" என்று கேட்டார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுல பாதி அவரோட வேலைங்க" என்றார்.

கடைசியில் டாக்டர் கையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டார். "ஒவ்வொரு தட்டுலயும் நின்னு மூச்சு வாங்கிட்டுப் போங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை டாக்டர்."

"அப்ப போங்க."

அவள் போனாள். தட்டுக்குத் தட்டு நின்றாள். கம்பிகளின் குளிர்ச்சி உள்ளங்கைக்கு ஞாபகம் இருந்தது. உடைந்த இடத்தில் பல்வலி போல ஒரு மெல்லிய வலி கூடவே ஏறி வந்தது. பாதியில் அதுவும் களைத்துப் போய் நின்றுவிட்டது. கேபின் கதவைத் திறந்தாள். வேறு யாரோ உட்கார்ந்து பழகிய நாற்காலி, பின்னால் சாய்த்து வைத்திருந்தது. அதை நிமிர்த்தி உட்கார்ந்து காலை நீட்டினாள். கூரைகள், தெருக்கள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காய்கிற துணிகள், எல்லாம் சத்தம் போடாமல் இருந்த இடத்திலேயே இருந்தன.

கீழே பார்த்தாள். மேஸ்திரியும் கணவரும் அண்ணாந்தபடி நின்றார்கள். டாக்டர் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அத்தனை உயரத்திலிருந்து மனிதர்களுக்கு முகம் கிடையாது. நடை மட்டும்தான் தெரியும். அவர் நடை சரியாக இல்லை. ஒரு பக்கம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது. காலை வெயிலில் நீண்டு கிடந்த அவர் நிழல் அந்தத் தாழ்வைப் பெரிதாக்கிக் காட்டியது. காவலாளியின் அறைக்குள் போனார். தன் ஷூவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நேராக நடந்தார்.

அவள் அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியாக மருத்துவமனைக்குப் போன அன்று, மேஜைக்கு அடியில் அவருடைய ஷூக்களைப் பார்த்தாள். ஒன்றின் அடித்தோல் மற்றதைவிடத் தடிமன். அவள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மேல இருந்து தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது டாக்டர்."

"சின்ன வயசுல உடைஞ்சது. வளைஞ்ச மாதிரியே கூடிடுச்சு. நேரா வைக்க யாருக்கும் தெரியலை." ஜன்னல் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்தவங்க யாரும் என் காலைப் பாத்ததில்லைம்மா. அவங்கவங்க காலைப் பாக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருந்துச்சு."

"வலிக்குமா?"

அவர் அந்தக் கேள்வியைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் போல இருந்தார். "குளிர்ல வலிக்கும்" என்றார். "உங்களுக்கும் வலிக்கும். பழகிடும்."

அவள் சரி என்று எழுந்தாள். கை கூப்பினாள். அவரும் எழுந்து, கதவு வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

அந்தக் கட்டடம் முடிகிற வரைக்கும் அவள்தான் அந்தக் கிரேனை ஓட்டினாள். ஏறுவதற்கு முன்பைவிட நேரம் ஆகும். கீழே யாரும் அவசரப்படுத்தவில்லை. பனிக்காலத்தில் ஒருநாள் காலை ஏறி உட்கார்ந்தபோது மூடுபனி கட்டடத்தை இடுப்பு வரைக்கும் விழுங்கியிருந்தது. கீழே எதுவும் தெரியாததால் வேலையைத் தொடங்க முடியவில்லை. ஹீட்டரைப் போட்டுக் காலை அதன் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டாள். கணவர் கடையிலிருந்து போன் செய்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க. பால் கொட்டின மாதிரி இருக்கு. நாலஞ்சு மாடிங்க மட்டும் மிதக்குது."

"கால்?"

"அது பாட்டுக்கு இருக்கு. வெச்சிடாதீங்க, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருங்க. வெயில் வர நேரமாகும்."

அவர் வில்லை தேய்க்கும் சக்கரத்தின் இரைச்சலோடு பேசிக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு அம்மாள் கண்ணாடி வேண்டுமென்று வந்து எல்லா ஃப்ரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, பழையதே நன்றாக இருக்கிறது என்று போய்விட்டாளாம். அவள் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். கேபின் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.